காபி மேக்கரைக் கொன்றது யார்?

உங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கால் உடைந்த ஸ்டூல், பேரன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள், மூடி தொலைந்த மிக்ஸி ஜார் எல்லாவற்றுக்கும் நடுவில், கம்பெனி அட்டைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக ஒரு காபி மேக்கர் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்கு வந்த பரிசாக இருக்கலாம். ஆடித் தள்ளுபடியில் வாங்கியதாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

ஏன் அங்கே போச்சு என்று வீட்டில் கேட்டால் மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: ‘‘என்ன இருந்தாலும் நம்ம ஃபில்டர் டிகாக்‌ஷன் மாதிரி வரலைங்க!’’ நியாயம்தான். நம் ஃபில்டர் மெதுவாகச் சொட்டுகிற ஆசாமி. அரை மணி நேரம் காத்திருந்தால் கெட்டியாக, கறுப்பாக ஒரு கால் டம்ளர் தருவார். அதில் பாலை ஊற்றி ஆற்றினால்தான் நமக்குக் காபி. மெஷினோ பால் இல்லாமல் மொடாக் மொடாக்காகக் குடிக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. பத்து நிமிஷத்தில் ஒரு ஜாடி நிறைய இறக்கிவிடும். போதாததற்கு அடியில் ஒரு சூட்டுத் தட்டு. அதில் அரை மணி நேரம் வைத்தால் டிகாக்‌ஷன் கஷாயமாகிவிடும். இது நாக்கு சம்பந்தப்பட்ட வழக்கு. தீர்ப்பு சொல்ல நான் தயாரில்லை.

இரண்டாவது பதில்: ‘‘கழுவி மாளலை.’’ விளம்பரத்தில் பட்டனை அழுத்துகிறவர் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். சக்கையைத் தட்டிக் கொட்டி, வலையைத் தேய்த்து, ஜாடியின் கறையைச் சுரண்டுகிறவரை எந்த விளம்பரத்திலும் காட்டுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் அழுத்துகிற கை ஒன்று, கழுவுகிற கை வேறு. இது குடும்ப நீதிமன்ற வழக்கு. இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பதில்: ‘‘நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு ஹீட்டர் போச்சு.’’

இந்த வாரம் நான் கையில் எடுத்திருப்பது இந்த மூன்றாவது வழக்கை. இதில் குற்றவாளி உங்கள் சமையலறைக்குள் இல்லை. ஊர்ப் பொதுவிடத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறார். காபியே குடிக்காதவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

காபி மேக்கரின் வயிற்றைப் பிரித்துப் பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் ஒரு தொட்டி. அடியில் ஒரு அலுமினியக் குழாய். அதை ஒட்டிச் சூடேற்றும் கம்பி. தொட்டித் தண்ணி குழாய்க்குள் இறங்கிக் கொதிக்கும். ஆவிக் குமிழிகள் அதை மேலே தள்ளும். மேலே போன வெந்நீர் காபித்தூள் மேல் சொட்டும். அவ்வளவுதான். 1954-ல் ஜெர்மனியில் ‘விகோமாட்’ என்ற பெயரில் மின்சாரச் சொட்டுக் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை.

அந்தக் குழாயின் வாய் நம் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதற்குள் தினமும் நம் ஊர்த் தண்ணி கொதிக்கிறது. நிலத்தடித் தண்ணியில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். தமிழில் சொன்னால் சுண்ணாம்பு. ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்று நாம் சொல்வது இதைத்தான். சமையல் உப்பு இப்படிப் படியாது. அது கரைந்தே இருந்து காபியின் ருசியை மட்டும் கெடுக்கும். இந்தச் சுண்ணாம்பும் அந்த உப்பும் கூட்டணி வைத்தால் அதுதான் கடலோரத் தண்ணி.

கணக்குப் போடுவோமா? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, தண்ணியின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நீங்கள் அந்த 600 ஊர்க்காரர், தினம் ஒரு லிட்டர் தண்ணியை மெஷினில் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் பாதி படிந்தாலும் வருஷத்துக்கு 100 கிராமுக்கு மேல் சுண்ணாம்பு. சுண்டுவிரல் குழாய்க்குள் 100 கிராம்! குழாய் அடைக்கும், சூடு வெளியேற வழியில்லாமல் ஏறும், உள்ளே இருக்கிற ஃபியூஸ் உயிரை விடும். ‘ஹீட்டர் போச்சு’ என்பது இதுதான்.

‘‘மாசம் ஒரு தடவை வினிகர் ஊத்திக் கழுவச் சொல்லி புத்தகத்துலயே போட்டிருக்கே’’ என்பீர்கள். போட்டிருக்கிறது. இந்த மாதிரித் தண்ணிக்கு மாசம் ஒரு தடவை போதாது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். தண்ணியால் வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

நம் பித்தளை ஃபில்டருக்கு ஏன் இந்த நோய் வரவில்லை? அதற்குள் அடுப்பு இல்லை என்பதால்தான். சுண்ணாம்பு வெந்நீர் வைக்கிற பாத்திரத்தில் படிகிறது. புளி போட்டுத் தேய்த்தால் போச்சு. ஃபில்டர் நம் தண்ணியின் யோக்கியதையை மறைத்துக் காப்பாற்றுகிறது. காபி மேக்கர் காட்டிக்கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறது. செத்தவனின் மரண வாக்குமூலத்தை நாம்தான் காதில் வாங்குவதில்லை.

* * *

மரக்காணத்துக்கு வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சாலையை ஒட்டி, கண்ணாடித் துண்டுகளைப் பதித்தது மாதிரி பாத்தி பாத்தியாக உப்பளம். காரை நிறுத்தி வெள்ளைக் குவியலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அந்தக் குவியலை வாரிப் போட்டவர்கள் விடிவதற்கு முன்னாலேயே வேலைக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். வரும்போது தூக்கில் சோறும், பிளாஸ்டிக் குடத்திலோ பாட்டிலிலோ குடிதண்ணியும் கொண்டு வருகிறார்கள். உப்பளத்தில் தாகத்துக்குத் தண்ணி கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணிதான், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது.

தண்ணி சுண்டினால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் சுண்டவிடும்போது முதலில் பிரிவது சுண்ணாம்பு. அடுத்து ஜிப்சம். கடைசிப் பாத்தியில்தான் உப்பு. உங்கள் காபி மேக்கருக்குள் நடப்பது அந்த முதல் பாத்தி வேலைதான். வெயிலுக்குப் பதில் கரண்ட்.

இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகன் வாங்கித் தந்த காபி மேக்கர் எட்டு மாதத்தில் நின்றது. சர்வீஸுக்கு எடுத்துப் போனார்கள். டெக்னீஷியன் திறந்துகூடப் பார்க்கவில்லை. ‘‘எந்த ஊரு?’’ என்று கேட்டார். ஊர்ப் பேரைச் சொன்னார்கள். ‘‘அப்ப வாரண்டி வராது. கடலோரம்னா தண்ணி அப்படித்தாங்க இருக்கும்’’ என்று சொல்லி டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டார்.

இந்த வாக்கியத்தின் மேல்தான் என் கோபம் எல்லாம். ‘கடலோரம்னா தண்ணி அப்படித்தான் இருக்கும்.’ இதைச் சொல்லாத ஆள் உண்டா? அதிகாரி சொல்கிறார். கவுன்சிலர் சொல்கிறார். வீடு பார்த்துத் தருகிற புரோக்கர் சொல்கிறார். கடைசியில் அந்தத் தண்ணியைக் குடிக்கிறவரே சொல்கிறார். விதி என்று நம்பவைத்துவிட்டால் யாரும் மனு கொடுக்க மாட்டார்கள் அல்லவா!

அப்படித்தான் இருக்குமா? கடற்கரை மணலில் பெய்கிற மழை உள்ளே இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணியின் மேல் நல்ல தண்ணியாக மிதக்கிறது. எண்ணெய் தண்ணிமேல் மிதப்பது மாதிரி. நல்ல தண்ணியின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணி நிற்கும். நிலத்தடி நீர் படித்தவர்களுக்கு இது பாலபாடம். அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே மணல்மேட்டில் கையால் தோண்டிய ஊற்றில் இனிப்பான தண்ணி வருகிறது. பழைய ஆட்கள் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். போர் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் மேலே ஏறத் தயாராகிவிடும். மணல்மேட்டை வெட்டி எடுத்தால் மழை இறங்க இடமில்லை. ஓட்டலுக்கும் ரிசார்ட்டுக்கும் ஆழ்துளைக் கிணறு. உவர்நீர் தேக்குகிற இறால் பண்ணைகள். இறால் பண்ணைகளுக்கு எதிராக காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், குடிதண்ணியும் விளைநிலமும் உப்பாகிப் போவதைக் கணக்கில் எடுத்துத்தான் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆக, கடல் எப்போதும் அங்கேயேதான் இருந்தது. தண்ணியை உப்பாக்கியதில் நம் கையும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் நெம்மேலி. கடல் தண்ணியில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் குடிதண்ணியாக்கி, தினம் 10 கோடி லிட்டர் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2013-ல் அங்கே வந்தது. வடக்கே மீஞ்சூரில் 2010-லேயே ஒன்று. நெம்மேலியில் தினம் 15 கோடி லிட்டரில் இன்னொன்று 2024-ல். சென்னைக்காரர்களுக்காகக் கடலையே குடிக்கத் தகுந்ததாக்க முடிகிற சர்க்கார், மரக்காணத்துக்காரர் வந்து நின்றால் மட்டும் ‘கடலோரம்னா அப்படித்தான்’ என்று சாஸ்திரம் பேசலாமா?

* * *

‘‘இதுக்கெல்லாம் எதுக்கு சார் அலட்டிக்கணும்? ஒரு ஆர்.ஓ. மாட்டினா போச்சு’’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே வீடு தேடி வருகிறார் ஒரு டை கட்டிய தம்பி. இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணி, இன்னொன்றில் அவருடைய மெஷின் தண்ணி. இரண்டு கம்பி உள்ள ஒரு கருவியை உள்ளே விட்டு ஸ்விட்சைப் போடுவார். உங்கள் தண்ணி சாக்கடை நிறமாகும். அவர் தண்ணி அப்படியே பளிங்கு மாதிரி நிற்கும். வீட்டம்மா பதறிப்போய் செக் புத்தகத்தை எடுப்பார்.

அந்த நிறம் கம்பியின் துரு! உப்புக் கரைந்த தண்ணியில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து பழுப்பாகும். ஆர்.ஓ. தண்ணியில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயவில்லை, துருவும் வரவில்லை. நல்ல ஊற்றுத் தண்ணியில் வைத்தாலும் இதே வித்தை நடக்கும். தெருவில் மோடி மஸ்தான் செய்தால் கூட்டம் போட்டதற்கு போலீஸ் விரட்டும். இவருக்கு மட்டும் சோபாவும் காபியும்.

ஆர்.ஓ.வே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்க அது உதவும். ஆனால் வீட்டு மெஷின் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. முன்பைவிட உப்பான அந்தத் தண்ணி எங்கே போகிறது? கொல்லைப்புற மண்ணுக்குள். அதாவது, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள். கரைந்த பொருள்களின் மொத்த அளவை ‘டி.டி.எஸ்.’ என்பார்கள். அது 500-க்குக் கீழே இருக்கிற ஊர்களில் ஆர்.ஓ.வே வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. வீட்டு மெஷின்கள் பலவும் டி.டி.எஸ். 2,000 வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும் என்று கம்பெனிக்காரர்களே எழுதிவைக்கிறார்கள். அதற்கு மேலே போனால் மெம்பரேன் மாற்றி மாளாது. தேவையில்லாத இடத்தில் விற்கிறார்கள், தேவையான இடத்தில் தாங்கவில்லை.

ஆக, ஒரு காபிக்கு நாம் அடுக்கிவைத்திருக்கிற மெஷின்களை எண்ணுங்கள். தண்ணி எடுக்க ஒரு மோட்டார். சுத்தம் செய்ய ஒரு ஆர்.ஓ. அதற்குக் கரண்ட் போனால் இன்வெர்ட்டர். கடைசியில் காபி மேக்கர். குழாயில் வந்திருக்க வேண்டிய ஒன்றை வீட்டுக்கு வீடு தனித்தனியாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். குழாய் வரிச் சீட்டு மட்டும் தவறாமல் வருகிறது.

மெஷின் வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? கேன் வாங்குவார். விலை ஊருக்கு ஊர் மாறும். 20 லிட்டர் 35 ரூபாய் என்று வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய். குடிக்க, சமைக்க தினம் ஒரு கேன் என்றால் மாதம் 1,050 ரூபாய். நாள் கூலி 400 என்று வைத்தாலும் மாதத்தில் இரண்டரை நாள் தண்ணிக்காகவே உழைக்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மூன்று மாதத்துக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால், மூன்று மாதமும் கேன் வாங்குகிற குடும்பத்தில் அதில் 3,150 ரூபாய் தண்ணிக்காரருக்குப் போய்விடும்.

இதில் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது யார், குடத்தோடு குழாயடியில் நிற்பது யார் என்று கேட்டால், கழுவுகிற கைகள் பற்றி முதலில் பேசினோமே, அதே கைகள்தான்.

* * *

‘காபி ருசிக்காக இவ்வளவு கூச்சலா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காபி வெறும் சாட்சி. கடினத் தண்ணியைக் குடித்தால் ஆளே விழுந்துவிடுவார் என்று நான் பயமுறுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனமே கடினத்தன்மைக்கு உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் உப்பு அப்படியில்லை. வங்கதேசத்துக் கடலோரத்தில் தாகோப் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே உப்பேறிய தண்ணியைக் குடித்த கர்ப்பிணிகளிடம் ரத்தக் கொதிப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் 2011-லேயே எழுதினார்கள். இங்கே, சென்னை ராமச்சந்திரா கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெயில், உடலில் நீர் வற்றுதல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்து ஆராய்ந்து எச்சரித்திருக்கிறார்கள். வெயிலில் வேகிற உடம்புக்கு நிறையத் தண்ணி வேண்டும். வாயில் வைக்க முடியாத தண்ணியை யார் நிறையக் குடிப்பார்?

மெஷின் செத்தால் வாரண்டி கார்டையாவது தேடுகிறோம். மனுஷனுக்கு?

* * *

திட்டிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் 2007-ல் சலவைப் பொருள்கள் பற்றி ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி குடிநீர் தருகிற நிறுவனம் தன் தண்ணி மென்மையா, நடுத்தரமா, கடினமா என்பதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்காரர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். எவ்வளவு சோப்புப் போடுவது என்று தெரியட்டும் என்பதற்காக! அதை வைத்துத்தான் அங்கே காபி மேக்கரைக்கூட சரிசெய்துகொள்கிறார்கள். தண்ணியின் எண் அங்கே பால் விலை மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

உங்கள் தெருக்குழாய்த் தண்ணியின் எண் உங்களுக்குத் தெரியுமா? தங்கம் இன்றைக்கு என்ன விலை என்று கேட்டால் சொல்வீர்கள். தண்ணியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை.

எனவே முதல் வேலை, எண்ணைக் கேட்பது. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளுக்குத் தினம் 55 லிட்டர், அதுவும் ஐ.எஸ். 10500 தரத்தில் தருவதாகச் சொன்னது. 2024-க்குள் முடிப்போம் என்றார்கள். 2025 பட்ஜெட்டில் 2028 வரை நீட்டித்துவிட்டார்கள். குழாய் வந்துவிட்டது என்று படம் போடுகிறார்கள். குழாயில் என்ன வருகிறது என்பதே கேள்வி. அதே திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணியைச் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? பெட்டி எங்கே? எந்த பீரோவில் தூங்குகிறது?

கேட்க நாளும் குறித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-லிருந்து மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூட வேண்டும். மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்கள் அன்றைக்கு ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு மூன்றையும் மாதம் ஒரு தடவை சோதித்து, ஊராட்சி அலுவலக வாசலில் கறுப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட வேண்டும். செலவு ஒரு சாக்பீஸ். மரக்காணம் பேரூராட்சிக்காரர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இதையே கேளுங்கள். எண் வாசலில் தொங்க ஆரம்பித்தால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்கிற வாய் கொஞ்சம் யோசிக்கும்.

இரண்டாவது, வானம். விழுப்புரம் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 500 சதுர அடி காங்கிரீட் கூரையில் அது 46,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 37,000 லிட்டர் மிச்சம். தினம் ஒரு கேன் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு வேண்டியது 7,300 லிட்டர்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ஒரு நாள் மழை 500 சதுர அடிக் கூரையில் 23,000 லிட்டருக்கு மேல். நாம் அதை வெள்ளம் என்று சபித்துக் கடலுக்கு அனுப்பிவைத்தோம்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது தமிழ்நாடு. வீட்டுக்கு வீடு குழாயை மண்ணுக்குள் விட்டோம். மண்ணுக்குள் விடுவது நல்லதுதான், உப்பைக் கீழே அழுத்தும். ஆனால் கடலோரத்துக்கு அது மட்டும் போதாது. மழைத் தண்ணியைக் குடிக்கிற மாதிரி வடிகட்டிச் சேமிக்க, மூடிய தொட்டி வேண்டும். மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகத் தந்த ஊர் இது. உப்பளத்துக் குடும்பங்களுக்கு 5,000 லிட்டர் தொட்டி ஒன்றைத் தந்தால் கஜானா காலியாகிவிடாது. காங்கிரீட் கூரை இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடக் கூரையும் சமுதாயக்கூடக் கூரையும் இருக்கின்றனவே!

மூன்றாவது, சர்க்காரின் வேலை. தூரத்திலிருந்து நல்ல தண்ணியைக் கொண்டுவருவதோ, கடல் தண்ணியைச் சுத்தம் செய்வதோ, அது அவர்கள் பொறுப்பு. கூடவே மணல்மேடுகளைக் காப்பதும், கழுவேலியில் தண்ணி நிற்கவிடுவதும். கழுவேலியை 2021-ல் பறவைகள் சரணாலயம் என்றார்கள், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். பறவைகளுக்காகச் செய்தது சந்தோஷம். அந்தக் கரையில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

உப்பு ஒரு காலத்தில் இந்த நாட்டின் அரசியல். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் நடந்தார்கள், ஒரு பிடி உப்புக்காக. இன்றைக்கு நமக்கு ரசத்தில் போடுகிற உப்பைத் தருகிறவர்கள், உப்பில்லாத ஒரு டம்ளர் தண்ணிக்காக நடந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு ஊர்வலம் இல்லை, தலைவர் இல்லை, பாடப் புத்தகத்தில் பாடமும் இல்லை.

பரணில் இருக்கிற அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன்னால், அடியில் இருக்கிற நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, குழாயைத் தட்டிப் பாருங்கள். வெள்ளையாக உதிரும். அதை ஒரு பொட்டலமாக மடியுங்கள். அடுத்த கிராம சபைக்கு, வார்டு கூட்டத்துக்கு, குறைதீர் நாளுக்கு மனுவோடு சேர்த்துக் கொண்டுபோய் மேஜைமேல் பிரித்து வையுங்கள்.

‘‘இது என்ன?’’ என்று கேட்பார்கள்.

‘‘நீங்க எங்களுக்கு அனுப்பின தண்ணிங்க’’ என்று சொல்லுங்கள்.